கத்தரிப்பூ நிற மூடி

"இரண்டு நாளும் ஒரே பதில்தானே வந்தது? பிறகு எதற்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று அக்கா கேட்டு ஒன்றரை வருடமாகிறது. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் இன்னும் முடியவில்லை. ரத்த அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பதினான்கு ஆண்டுகள் ரத்தம் பார்த்தவன் நான். பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய் மாதிரிகள், சி.டி.4 என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கைகள். ஆயிரக்கணக்கான குழாய்கள் கைமாறிப் போயிருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு குழாய் மட்டும் அவ்வப்போது ராத்திரியில் வந்து நிற்கிறது. அதன் மூடி கத்தரிப்பூ நிறம்.

விஷயம் இறாலில் தொடங்குகிறது. அக்கா மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது தூத்துக்குடியில் ஒரு மறுவீட்டு விருந்து. இறால் தொக்கு சாப்பிட்டான். மாலையில் உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்குக் காய்ச்சல் அடித்ததை யாரும் நினைவில் வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலை ஒட்டித் தடிப்பு வருவது சாதாரணம். ஆனால் விருந்தும் இறாலும் கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளிகள். உடனே அறுபது எழுபது பொருள்களுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒரே மூச்சில் பார்க்கும் அந்தப் பட்டியல் பரிசோதனை எடுத்தார்கள். வண்ணக் கோடுகளோடு நான்கு பக்கத் தாள் வந்தது. பதினொரு பொருள்களுக்கு எதிரே குறி. கத்தரிக்காய் உண்டு, துவரம்பருப்புகூட உண்டு. இறால் மூன்றாம் நிலை. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி ஐந்தாம் நிலை. எண் கூடக்கூடக் குறி பலம்.

கத்தரிக்காயும் பருப்பும் ஆறே மாதத்தில் சத்தமில்லாமல் தட்டுக்குத் திரும்பிவிட்டன. சாம்பார் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? இறால் மட்டும் திரும்பவில்லை. கடலைப் பார்த்த ஊரில், சென்னாகுனிப் பொடி இல்லாமல் சோறு இறங்காத வீட்டில், நான்கு வருடம் இறால் தலைமறைவாக இருந்தது. பையன் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து ஆச்சி சமைப்பார். சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கொல்லையில் கவிழ்த்து வைப்பார். அவன் வருவதற்குள் ஜன்னலெல்லாம் திறந்திருக்கும். ஏதோ கள்ளச்சாராயம் காய்ச்சுகிற வீடு போல.

அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஐ.ஜி.இ. இருப்பது ஒன்று, அதனால் உடம்பு வெடிப்பது வேறொன்று. 1921இல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் பிரவுஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சகா கியூஸ்ட்னரின் ரத்த நீரைத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றிக்கொண்டார். அவருக்கு மீன் ஒன்றும் செய்யாது. ஆனாலும் அந்த இடம் மட்டும் தடித்து வீங்கியது. ரத்தத்தில் ஏதோ ஒன்று ஆளிலிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் இஷிஸாகா தம்பதியரும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். 1968இல் அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயர் வைத்தார்கள். இத்தனை கதையிலும் கவனிக்க வேண்டியது, அந்த எதிர்ப்பொருள் தானாக எதையும் செய்வதில்லை. பிரவுஸ்னிட்ஸின் தோலில் இருந்த மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு அணுக்கள்தான் வெடித்தன.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஏதாவது ஓர் உணவுக்காவது ஐ.ஜி.இ. இருந்தவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணித்தது 1.2 சதவீதம். நான்கில் ஒருவரின் தாளில் குறி விழும். நூறில் ஒருவருக்குத்தான் தொல்லை. இப்படியிருக்க, தொந்தரவே சொல்லாத ஆளுக்கும் அறுபது பொருள் பட்டியலை எடுத்து நீட்டுகிற வழக்கத்தை நான் வியாபாரம் என்றுதான் சொல்வேன். சொல்லிச் சில நண்பர்களை இழந்தும் இருக்கிறேன்.

பையன் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. இறால், தூசிச் சிற்றுண்ணி, கரப்பான்பூச்சி மூன்றும் கணுக்காலிகள். மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். சிற்றுண்ணிக்கு எதிராக உண்டான ஐ.ஜி.இ., பரிசோதனைத் தட்டில் இறாலைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் மேல் இருக்கும் கோபத்தைத் தம்பியின் மேல் காட்டுவது மாதிரி. காலையில் எழுந்ததும் இருபது தும்மல் போடுகிற பையனுக்கு ஐந்தாம் நிலைச் சிற்றுண்ணி சரியாகவே பொருந்தியது. இறால் உண்மையான எதிரியா, முகச்சாயலால் மாட்டிக்கொண்டதா? தாள் சொல்லாது. ரத்த அணுவைத்தான் கேட்க வேண்டும்.

சட்டைப் பையின் உள்துணி

மாஸ்ட் செல் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உட்கார்ந்திருப்பது. ரத்தக் குழாயில் ஊசி போட்டு அதை எடுக்க முடியாது. ஆனால் அதே குணமுள்ள ஓர் உறவுக்காரன் ரத்தத்தில் சுற்றுகிறான். பேசோஃபில். 1879இல் பால் ஏர்லிக் சாயம் போட்டுப் பார்த்துக் கண்டுகொண்ட வெள்ளணு. நூறு வெள்ளணுக்களில் ஒன்றுகூட இராது. அதன் உடம்பெங்கும் ஐ.ஜி.இ. குத்திட்டு நிற்கும், உள்ளே ஹிஸ்டமின் நிரம்பிய குருணைகள். ஒவ்வாத பொருள் வந்து இரண்டு மூன்று ஐ.ஜி.இ.களைச் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும், குருணைகள் அணுவின் ஓரத்துக்கு ஓடி, அதன் தோலோடு ஒட்டி, உள்ளிருப்பதை வெளியே கொட்டும்.

அந்த ஒட்டுதலில்தான் எங்கள் வேலை இருக்கிறது. குருணையின் உட்சுவரில் சி.டி.63 என்ற புரதம் உண்டு. சும்மா இருக்கும் அணுவின் வெளிப்பக்கம் அது தெரியாது. குருணை வெடித்து அணுவின் தோலோடு கலந்ததும் வெளியே வந்துவிடும். சட்டைப் பையை வெளியே இழுத்துச் சில்லறையைக் கொட்டினால் பையின் உள்துணி தொங்குமே, அதுபோல. சில்லறை எங்கே உருண்டு போனது என்று தேட வேண்டாம்; உள்துணி தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளை அதன்மேல் ஒட்டவிட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டால், கொட்டியது எது, கொட்டாதது எது என்று எண்ணிவிடலாம். ஆம்ஸ்டர்டாமில் க்னோல் குழுவினர் 1991இல் இதைக் காட்டினார்கள். பெயரில் உள்ள 63க்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. 1982இல் பாரிஸில் கூடி, வெள்ளணுக்களின் மேல் தெரியும் அடையாளங்களுக்கு வரிசை எண் போட ஆரம்பித்தார்கள். ரேஷன் அட்டை எண் மாதிரி.

இன்னொரு அடையாளம் சி.டி.203சி. இது சும்மா இருக்கும் பேசோஃபிலின் மேலும் கொஞ்சம் இருக்கும், உசுப்பினால் கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பார்த்தால் மறக்க முடியாது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணு. சி.டி.63இல் கூட்டம் இரண்டாகப் பிளக்கும்: சில புள்ளிகள் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிடும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் வெற்றிடம். சி.டி.203சியில் யாரும் குதிப்பதில்லை. கூட்டம் மொத்தமாக, கோயில் வரிசை நகர்வதுபோல, இரண்டடி முன்னே போகும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். ஆனால் அதிலும் சூது உண்டு. சி.டி.63 பேசோஃபிலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. உசுப்பப்பட்ட ரத்தத் தட்டுகளின் (பிளேட்லெட்) மேலும் இருக்கும். தட்டு ஒன்று பேசோஃபில் முதுகில் ஒட்டிக்கொண்டு லேசர் முன் போனால், பேசோஃபில் கொட்டிவிட்டதாக இயந்திரம் சாட்சி சொல்லும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா சாண்டோஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேர்க்கடலைக்கு ஐ.ஜி.இ. மட்டும் உள்ள பிள்ளைகளையும் நிஜமாகவே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளையும் இந்தச் சோதனை 97 சதவீதம் சரியாகப் பிரித்தது. அதைப் படித்த நாளிலிருந்து இதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஒவ்வாமை பார்க்கும் குழந்தை மருத்துவர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் எங்கள் ஆய்வகத்தில் முறையை மெதுவாக நிலைநிறுத்திக்கொண்டிருந்தோம். கோடை விடுமுறைக்கு அக்கா பையனோடு சென்னை வந்தாள். அந்த மருத்துவரிடமே காட்டினாள். அவர் சீட்டெழுதி எங்களிடம் அனுப்பினார்.

அன்று மாலை

மற்றவர்கள் ஊசி போட வந்தால் கத்துவான் என்பதால் நானே எடுத்தேன். கதை சொல்லிக்கொண்டே எடுத்தேன். அவனுக்கு வலிக்கவே இல்லை என்றான். எனக்கு ஒரே பெருமை. எந்தக் குழாயில் எடுக்கிறேன் என்று பார்க்கவில்லை. பதினான்கு வருடமாக நாளெல்லாம் எடுக்கும் குழாயைக் கை தானாகவே எடுத்துக்கொண்டது.

குழாய்க்கு நூறு மைக்ரோலிட்டர் ரத்தம். முதல் குழாயில் வெறும் திரவம், அதாவது எதுவும் நடக்கக் கூடாத குழாய். இரண்டாவதில், ஐ.ஜி.இ. உட்காரும் ஏற்பியையே நேராகப் பிடித்து உலுக்கும் எதிர்ப்பொருள். மூன்றாவதில் எஃப்.எம்.எல்.பி., அதாவது பாக்டீரியாவின் புரதத் துணுக்கு போன்ற ஒன்று, ஐ.ஜி.இ. வழியைத் தொடாமல் வேறு வாசல் வழியாகப் போய் உசுப்பும். நான்கு முதல் ஆறு வரை இறால் சாறு, பத்துப் பத்து மடங்காக நீர்த்தது. ஏழாவதில் சிற்றுண்ணி. எல்லாம் 37 டிகிரி நீர்த்தொட்டியில் இருபது நிமிடம். பிறகு பனிக்கட்டியில் வைத்து நிறுத்தி, சிவப்பணுக்களை உடைத்துக் கழுவி, இயந்திரத்தில் ஓட்ட வேண்டும்.

இரண்டையும் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது விதி. நான்தான் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவன். அன்று ஆர்வக்கோளாறில் நேராக நான்காவதைத் திறந்தேன். திரையின் ஓரத்தில் சின்னத் தீவு போல பேசோஃபில் கூட்டம். சுற்றிக் கோடு போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் 1.4 சதவீதம். ஐந்தாவது 0.9. ஆறாவது 1.1. ஒருவன்கூட முறையாகக் குதிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருடம் கொல்லையில் கவிழ்ந்து கிடந்த சட்டி நினைவுக்கு வந்தது. போனை எடுத்து அக்காவுக்கு அழைத்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்த நேரத்தில் கை சும்மா இராமல் ஏழாவது குழாயைத் திறந்தது. சிற்றுண்ணி: 1.2. காலையில் என் வீட்டுக் குளியலறை வாசலில் நின்று இருபது தும்மல் போட்ட பையன். ஐந்தாம் நிலை. 1.2 எப்படி? போன் காதிலேயே இருக்க, இரண்டாவதைத் திறந்தேன். ஏற்பியைப் பிடித்து உலுக்கிய குழாய். அரைப்பங்குக்கு மேல் குதித்திருக்க வேண்டும். 1.0.

நூறு பேரில் 5 முதல் 15 பேர் வரை பேசோஃபில்கள் ஐ.ஜி.இ. வழியில் எழுப்பினால் எழாதவர்கள் என்பது தெரிந்த விஷயம். அவர்களுக்கு இந்தச் சோதனையே உதவாது. அவர்களில் ஒருவனோ என்று ஒரு கணம் ஆறுதல் தேடினேன். ஆனால் அப்படிப்பட்ட அணுவும் எஃப்.எம்.எல்.பி. வாசலில் தட்டினால் எழும். மூன்றாவதைத் திறந்தேன். 1.3. எந்த வாசலில் தட்டினாலும் எழாத வீடு என்றால், வீட்டில் ஆளே இல்லை அல்லது யாரோ கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தலையைத் திருப்பித் தாங்கியைப் பார்த்தேன். மிச்ச ரத்தத்தோடு குழாய் நின்றது. கத்தரிப்பூ நிற மூடி.

அந்த நிறம் ஈ.டி.டி.ஏ. ரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் உப்பு. பேசோஃபில் தன் பையைக் கவிழ்க்க வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய வேண்டும். கால்சியம் இல்லையென்றால் எத்தனை உலுக்கினாலும் அது அசையாது. எங்கள் முறைக்குப் பச்சை மூடி, அதாவது ஹெப்பாரின் குழாய் வேண்டும். (ஈ.டி.டி.ஏ. ரத்தத்தையே எடுத்து, கால்சியத்தைத் தாராளமாகச் சேர்த்த திரவத்தில் செய்யும் முறைகளும் உண்டு. எங்களுடையது அதுவல்ல.) அணுக்கள் இறாலை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருக்கவில்லை, வாயில் துணி அடைத்து உட்கார வைக்கப்பட்டிருந்தன. வைத்தவன் நான்.

அப்போது அக்கா திருப்பி அழைத்தாள். "என்னடா, கூப்பிட்டாயே?"

"ஒன்றுமில்லை. சாப்பிட்டீர்களா?"

"மணி ஐந்தரை ஆகிறது. இப்போது என்ன சாப்பாடு?"

"சரி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்று அவனிடம் சொல்லி வை."

வழி எங்கே?

மறுநாள் பச்சை மூடி. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டேன். முதல் குழாய் 1.3. ஏற்பியை உலுக்கியது 78. எஃப்.எம்.எல்.பி. 41. சிற்றுண்ணி 66, திரையில் பாதிக்கு மேல் புள்ளிகள் வேலி தாண்டி நின்றன. இறால், மிக அடர்த்தியான குழாயில் 2.1, மற்ற இரண்டிலும் 1 சுற்றி. அதாவது, முதல் நாள் வந்த அதே பதில்.

மருத்துவர் அந்தத் தாளையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை, அது சரியும்கூட. அவன் வயிற்றில் இறால் போய்ப் பார்ப்பதற்கு ஈடான சோதனை கிடையாது. மருத்துவமனைப் படுக்கையில் உட்கார வைத்து, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கடுகளவில் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். முழு இறால் வரை போனான். மாலைவரை வைத்திருந்தார்கள். ஒரு தடிப்பு இல்லை. அக்கா நடைபாதையில் நின்று அழுதாள். நான் முதல் நாள் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் மேலே எழுதிய கேள்வி.

கால்சியம், ஈ.டி.டி.ஏ. என்று ஏதேதோ விளக்கினேன். தலையாட்டினாள், ஆனால் எனக்கு ஏன் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அவளைப் பொறுத்தவரை, அப்போது அவள் போனை எடுத்திருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே நல்ல சேதி கிடைத்திருக்கும். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒரு பையனை. இதே வயது, இதே மூன்றாம் நிலை, ஆனால் இறால் உண்மையாகவே ஆகாதவன். அவன் ரத்தமும் அந்தக் குழாயில் அதே 1.4, 0.9, 1.1தான் காட்டியிருக்கும். அவன் அம்மா முதல் மணியிலேயே போனை எடுத்திருப்பாள்.

கடைசியில் ஒன்று தோன்றியது. அக்கா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். "ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று. பையன் வழிமுறையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான். கடைசி வரியில் விடை மட்டும் சரியாக இருக்கிறது. எவ்வளவு போடுவாய்?"

அவள் யோசிக்கவே இல்லை. "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினானா என்று முதலில் கேட்பேன்."

"இல்லை. தற்செயலாக வந்துவிட்டது."

"விடைக்கு ஒன்று போடுவேன். மீதி நாலுக்கு வழி எங்கே?" என்று சொன்னவள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "இரண்டாம் நாள் முழுசாகப் போட்டுவிட்டாய் அல்லவா, விடு" என்றாள்.

ஆய்வகப் பதிவேட்டில் முதல் நாள் வரிசைக்கு நேரே "விளக்க இயலாது: தவறான குழாய்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது குழாய்களைப் பார்த்து முடிக்கும்வரை மற்ற குழாய்களைத் திறக்க முடியாதபடி மென்பொருளில் ஒரு வரிசை அமைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், இது எதற்கு என்று சலித்துக்கொள்கிறார்கள். காரணத்தைச் சொல்ல நான் போவதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி ஜன்னலைத் திறக்காமல், நடுப்பகலில், முருங்கைக்காய் போட்டு இறால் குழம்பு வைத்திருந்தார். பையன் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பிவிட்டு, இறாலையெல்லாம் இலையின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்தான். ரப்பர் மாதிரி இருக்கிறதாம். ஆச்சி என் பக்கம் திரும்பினார்.

"இதற்கா பிள்ளையிடம் இரண்டு தடவை ரத்தம் எடுத்தாய்?"

ஒதுக்கி வைத்ததை நான் எடுத்துச் சாப்பிட்டேன்.